கார்லிங்ஃபோர்ட் லெப்ரகான் வேட்டை: போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மோர்மிளகாய்:
அயர்லாந்தில் இருப்பவர்களில் பாதிப் பேராவது போயிருப்பீர்கள், அதனால் வேட்டையைப் பற்றி நீட்டி விளக்கப்போவதில்லை. லெப்ரகான் என்றால் செருப்புத் தைத்துக்கொண்டு, தங்கப் பானையை ஒளித்து வைத்திருக்கும் ஐரிஷ் கதைக் குள்ளன்; பிடித்தால் பானை இருக்கும் இடத்தைச் சொல்வான் என்பார்கள். உரிமச் சீட்டு வாங்கினோம், ஸ்லீவ் ஃபாய் மலைச் சரிவில் ஏறினோம், பரிசுக்காக ஒளித்து வைத்த பீங்கான் லெப்ரகான் பொம்மையைத் தேடினோம். என் தொண்டையில் முள்ளாக நிற்பது வேறு விஷயம்.

அடிவாரத்தில் தொப்பி போட்ட ஒரு தாத்தா என் மகனிடம் (அப்போது வயது 7) சொன்னார்: "லெப்ரகானைப் பார்த்துவிட்டால் கண்ணை எடுக்காதே, எடுத்தால் மறைந்துவிடுவான்." பெரியவர்கள் இப்படித்தான் போகிறபோக்கில் எதையாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கோர்ஸ் முட்புதருக்கு அடியில் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. பொம்மையேதான். குனிந்து எடுக்கப் போனேன். "அசையாதம்மா, நான் பார்த்துட்டு இருக்கேன்" என்றான். கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக வழிகிறது, பிள்ளை இமைக்கவே இல்லை. பரிசுப் பணம் அந்தப் பொம்மைக்குத்தான்டா என்றாலும் கேட்கவில்லை. "முதல்ல பானை எங்கன்னு அவன் சொல்லட்டும்."

அந்த நேரம் பார்த்து இவர் கீழேயிருந்து போன் செய்தார். பையில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு நொடிதான். எங்கிருந்தோ வந்த ஒரு சின்னப் பெண் எங்கள் காலுக்கிடையில் புகுந்து பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

காரில் ட்ரோஹடா தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னான்: "நான் கண்ணை எடுக்கல. நீதான் எடுத்த." இரண்டு வருடம் ஆகிறது.

இரண்டாம்காப்பி:
வருத்தப்படாதீர்கள் அக்கா. கண்ணை எடுக்கக் கூடாது என்ற விதி உயிருள்ள லெப்ரகானுக்கு. பீங்கானுக்குச் செல்லாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பச்சைச் சட்டை எல்லாம் பிற்காலத்து வேலை. 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதைகளில் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுதான். அதற்கும் பல நூற்றாண்டு முந்திய ஃபெர்கஸ் மாக் லேட்டி கதையில் இவர்கள் செருப்புத் தைப்பவர்களும் இல்லை, பானைக்காரர்களும் இல்லை. தண்ணீர் ஆட்கள். கடற்கரையில் தூங்கிக்கொண்டிருந்த அல்ஸ்டர் அரசன் ஃபெர்கஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போடப் பார்த்தார்கள். காலில் குளிர்ந்த நீர் பட்டதும் அவன் விழித்து மூன்று பேரைப் பிடித்துவிட்டான். விடுவிக்கக் கூலியாக, நீருக்கடியில் நீந்தும் வித்தையைக் கேட்டு வாங்கினான். ஒரே ஒரு நீர்நிலையில் மட்டும் இறங்காதே என்றார்கள். இறங்காமல் இருப்பானா? அங்கே இருந்த பூதத்தைப் பார்த்த பயத்தில் முகம் கோணிப்போனது. அந்த இடம் மோர்ன் மலைகளுக்கு அந்தப்புறம் இருக்கும் டண்ட்ரம் விரிகுடா என்கிறார்கள். கார்லிங்ஃபோர்டில் நின்றால் எதிரே தெரிகிறதே, அதே மோர்ன் மலை. இவ்வளவு அருமையான கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தத் திருவிழாவில் பச்சைத் தொப்பி விற்கிறார்கள்.

என் அனுபவமா? மழை. ஒன்றும் கிடைக்கவில்லை. சிப்பி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வடலி:
தம்பி இரண்டாம்காப்பி, ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சட்டை என்றால் என்ன?

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்கு முழங்கால் வருத்தம், மலை ஏற ஏலாது. அதனால் ஊருக்குள்ளே ஓ'ஹேர் மதுக்கடையில் இருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினேன். 1989இல் மலையில் கிணற்றடிப் பக்கம் அலறல் கேட்டுப் போன கடைக்காரர் கண்டெடுத்தது என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்களே, அதுதான். லெப்ரகானுடையதாம்: சின்ன உடுப்பு, எலும்பு, தங்கக் காசு.

நானும் சிரித்துக்கொண்டுதான் விளக்கிச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. பிறகு மெல்லக் கேட்டா: "இது ஆரின்ரை பிள்ளையின்ரை சட்டை?" பகிடி அம்மா, உண்மையில்லை என்றேன். "ஓம், ஓம்" என்றா. ஆனால் வெளியே வரும்போது பெட்டியைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டா. கடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கதையை நிறுத்திவிட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைக்குள் போனதில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை.

புளிச்சோறு:
"குடும்பத்தோடு போகலாம்" என்று எழுதுகிறவர்கள் அங்கே சனிக்கிழமை இரவு தங்கிப் பாருங்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பக்கம் தோழிகள் கொண்டாட்டம், மாப்பிள்ளைக்கு இன்னொரு பக்கம். அதற்குப் பேர்போன ஊர் அது. என் மகள் ஜன்னலில் நின்று, இளஞ்சிவப்பு இறக்கை மாட்டிய பத்துப் பெண்களை எண்ணிவிட்டு, "இவங்கதான் ஃபேரியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எப்போது எப்படி உண்மையைச் சொல்வது என்று தெரியவில்லை.

கடலோரக்காரன்:
எல்லாரும் கதை சொல்கிறீர்கள், தேவையானதை யாரும் சொல்லவில்லை. நான் முதல் தடவை போனபோது டண்டாக் தாண்டி இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேராக நியூரிக்குப் போய்க் காப்பி குடித்தேன். பில் பவுண்டில் வந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவுதான் என் கதை. இனி கவனமாகப் படியுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டும் ஐஆர்பி அட்டையும் (அயர்லாந்தில் வசிப்பதற்கான அட்டை) மட்டும் வைத்திருப்பவர்கள் எல்லையைத் தாண்டக் கூடாது. நியூரி வட அயர்லாந்து, அதற்கு பிரிட்டன் விசா வேண்டும். சோதனைச் சாவடி இல்லாததால் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. பொதுப் பயணப் பகுதி என்பது அயர்லாந்து, பிரிட்டன் குடிமக்களுக்கான ஏற்பாடு, நமக்கு இல்லை. பக்கத்தில் கிரீனோரிலிருந்து கார் ஏற்றிக்கொண்டு கிரீன்காசிலுக்கு ஒரு படகு போகும், 2017இல் தொடங்கியது. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அக்கரை கவுண்டி டவுன், அதுவும் வட அயர்லாந்து. அதிலும் ஏறாதீர்கள். கார்லிங்ஃபோர்டிலிருந்து ஓமீத் ஊர் வரை பழைய ரயில் பாதையில் போட்ட நடைபாதை இருக்கிறது, சுமார் 7 கி.மீ., அதுவரை பயமில்லை. ஓமீத் தாண்டிச் சாலையில் போனால் வேகப் பலகை மைலுக்கு மாறும். மாறினால் வண்டியைத் திருப்புங்கள். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருந்தால் அவர்கள் விசாவைத் தனியாகப் பாருங்கள். மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், குடை அந்தக் காற்றுக்குத் தாங்காது. மலையில் மூடுபனி இறங்கினால் பொம்மையாவது பரிசாவது என்று உடனே கீழே வந்துவிடுங்கள், 589 மீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. தயிர்சாதம் வேண்டாம், குளிரில் இறங்காது.

இரண்டாம்காப்பி:
தயிர்சாதம் எந்தக் குளிரிலும் இறங்கும்.

மோர்மிளகாய்:
கடலோரக்காரரே, நான் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனாலும் நன்றி, படகுக்கு டிக்கெட் போடுவதாக இருந்தோம்.

வடலி அக்கா, உங்கள் அம்மா கும்பிட்டதைப் படித்துவிட்டு ராத்திரி எழுந்து போய் இவனைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில், இந்த வருடமும் போகலாமா என்று கேட்டேன். கார்ன்ஃபிளேக்ஸைக் கிளறிக்கொண்டே யோசித்தான்.

"போகலாம். நீ போனை வீட்டுலயே வச்சிடு."