டிரெய்லர் இழுத்தால் கிளட்ச் இவ்வளவு சீக்கிரமா தேயும்?

நெம்புகோல்:
நண்பர்களே, ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது டபுள் கேப் டீசல் பிக்கப், ஆறு கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வண்டி 2 டன், பின்னால் ரெட்டை ஆக்சில் டிரெய்லர், அதன்மேல் ஒரு மினி எக்ஸ்கவேட்டர், எல்லாம் சேர்த்து டிரெய்லர் பக்கம் மட்டும் 3 டன் வரும். இந்த வண்டிக்குக் கொடுத்திருக்கும் இழுவை வரம்பு 3.5 டன், ஆக நான் ஒன்றும் அளவுக்கு மீறி ஏற்றவில்லை.

புது கிளட்ச் செட் போட்டு 30,000 கிமீ கூட ஆகவில்லை. இப்போது ஏற்றத்தில் ஐந்தாம் கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறுகிறது, வண்டி இருந்த வேகத்திலேயே இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் அந்தக் கருகின வாடை. மெக்கானிக் "நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி" என்கிறார். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற ஆள் நான் இல்லை. ஹெவி டியூட்டி கிளட்ச் போட்டால் பிரச்சினை தீருமா, இல்லை 3 டன் இழுத்தாலே இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதா?

ஆட்டோதான்நல்லது:
டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச் பெடலுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக்) வைத்த வண்டியாக மாற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

பழையகியர்:
மேலே இருப்பவர் எந்தக் கேள்விக்கும் இதே பதிலைத்தான் போடுவார், விடுங்கள். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. கன்வெர்ட்டரும் சூடாகும், ஆனால் அந்தச் சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு போய் கூலரில் கொட்டிவிடும். நம் கிளட்ச் உலர் கிளட்ச். வருகிற சூடு எல்லாவற்றையும் இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலும், கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அமுக்கும் பிரஷர் பிளேட்டும்தான் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஆற வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் முழுசாகப் பிடித்த பிறகு அது தேய்வதே இல்லை. நூறு கிலோமீட்டர் நேராக இழுத்துக்கொண்டு போனாலும் பிளேட்டில் ஒரு துளி குறையாது. தேய்வதெல்லாம் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒன்றிரண்டு வினாடியிலும், பெடலைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து ரிவர்ஸ் எடுக்கும்போதும்தான். எனவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை விட எத்தனை தடவை கிளம்பினீர்கள், எந்த ஆர்பிஎம்மில் கிளம்பினீர்கள் என்பதுதான் கணக்கு.

சமதளத்தில் கிளம்பும்போது கிளட்ச்சில் சூடாகப் போகும் சக்தி, பிடித்து முடிக்கும் நேரத்தில் வண்டிக்கு என்ன வேகம் வந்திருக்கிறதோ அதற்குரிய இயக்க ஆற்றலுக்குச் சமம். நம் மாதிரி வண்டியில் முதல் கியரில் ஐடிலிங்கில், அதாவது 750 ஆர்பிஎம்மில், ஏறக்குறைய மணிக்கு 6 கிமீ வேகம் வரும். 1500இல் கிளம்பினால் 12 கிமீ. வேகம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. ரெண்டாம் கியரில் எடுத்தால் அதற்கு மேலும் மூன்று நான்கு மடங்கு. பலபேர் டிரெய்லர் கனமாக இருக்கிறதே என்று பயந்து ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து எடுப்பார்கள். அந்தப் பயம்தான் பிளேட்டைத் தின்கிறது. இப்போது வருகிற காமன் ரெயில் டீசலில் ஐடிலிங் இறங்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் தானே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். சமதளத்தில் காலை ஆக்சிலேட்டரிலேயே வைக்காமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட்டுப் பாருங்கள், 5 டன்னும் சத்தமில்லாமல் நகரும்.

ஏற்றத்தில் இன்னும் மோசம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மொத்தம் 5 டன்னை ஹேண்ட்பிரேக் போடாமல், 1500 ஆர்பிஎம்மில் கிளட்ச்சாலேயே நிறுத்திப் பிடித்தால் அங்கே 16 கிலோவாட் சூடு உண்டாகிறது. பதினாறு இஸ்திரிப் பெட்டியை அந்தச் சின்ன டப்பாவுக்குள் வைத்து ஸ்விட்ச் போட்ட மாதிரி.

சரி, நீங்கள் டிரெய்லரை நிறுத்தும் இடம் எப்படி? ரிவர்ஸ் நிறைய எடுக்க வேண்டி இருக்கிறதா?

நெம்புகோல்:
அது சரியாகப் பிடித்தீர்கள். ஷெட்டுக்குள் வைக்க ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும், ஏற்றம் வேறு, நடுவில் ஒரு வளைவு. தினமும் சாயங்காலம் அஞ்சு பத்து நிமிடம் முன்னே பின்னே ஆட்டித்தான் உள்ளே போகும். வாடை வருவதும் அப்போதுதான் அதிகம். அப்புறம் ஒன்று சொல்ல விட்டுப்போனது, முந்தைய ஓனர் இன்ஜினுக்கு ரீமேப் (பவர் கூட்ட அதன் சாஃப்ட்வேரை மாற்றுவது) பண்ணியிருப்பதாக வாங்கும்போதே சொன்னார். நான் அதை நல்ல விஷயம் என்றுதான் நினைத்தேன்.

கிரீஸ்கை:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி!

கிளட்ச் எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தாங்கும் என்பது மூன்று விஷயத்தில் இருக்கிறது: பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, பிளேட் முகத்தில் உராயும் லைனிங்கின் பிடிமானம், பிளேட்டின் விட்டம். கம்பெனி இன்ஜினின் உச்ச டார்க்குக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் செட் கொடுக்கும், ரீமேப் அந்த இடத்தைச் சாப்பிட்டுவிடும். அதுவும் டீசலில் கூடுவது 1800, 2000 ஆர்பிஎம் பக்கம். நீங்கள் ஐந்தாம் கியரில் ஏற்றத்தில் அழுத்துவது சரியாக அந்த இடத்தில்தான். வண்டி தயாரிக்கிறவர்களே இதில் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ராம் ஹெவி டியூட்டி பிக்கப்பில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினை மேனுவல் கியர்பாக்ஸோடு கொடுத்தபோது டார்க்கை 660 பவுண்டு அடிக்கு, அதாவது 895 நியூட்டன் மீட்டர் பக்கம், கட்டிப்போட்டுத்தான் கொடுத்தார்கள். அதே இன்ஜின் ஆட்டோமேட்டிக்கில் அதற்கு மேல் போனது. 2018 மாடலோடு அந்த மேனுவலையும் நிறுத்திவிட்டார்கள்.

ரீமேப்பை எடுத்து பழைய சாஃப்ட்வேரையே போடச் சொல்லுங்கள். முடியாது, இந்த பவர் வேண்டும் என்றால் அப்போது பெரிய கிளட்ச் பற்றிப் பேசலாம். செராமிக் பட்டன் பிளேட்டை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பிடிக்கும், ஆனால் ஸ்விட்ச் மாதிரி டக்கென்று பிடிக்கும், உங்கள் ரிவர்ஸ் வேலையில் வண்டியும் டிரெய்லரும் குதிரை மாதிரி உதறும். ஆர்கானிக் லைனிங்கிலேயே அமுக்கு விசை கூடின செட் ஒன்று, இல்லையென்றால் ரெட்டை பிளேட் செட். ரெட்டை பிளேட்டில் உராயும் பரப்பு இரண்டு மடங்கு ஆகிவிடுவதால் பெடல் பாரமாகாமலேயே பிடிமானம் கூடும், காசும் கூடும்.

இறக்கும்போது ஃப்ளைவீலையும் பாருங்கள். முகத்தில் நீலமாகத் தீய்ந்த புள்ளிகளோ முடிமுடியாக வெடிப்போ இருந்தால் அதன்மேல் புது பிளேட்டைப் போடுவது வீண். உங்களுடையது டூயல் மாஸ் ஃப்ளைவீலாகத்தான் இருக்கும், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அதையும் சூடு கெடுக்கும். சிலர் அதைத் தூக்கிவிட்டு சாலிட் ஃப்ளைவீல் போடுவார்கள். தாங்கும்தான். ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும், பெடலை அமுக்கினால் நின்றுவிடும். சத்தம் கேட்டு பயந்து திரும்ப என்னிடமே வந்தவர்கள் உண்டு. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள், பிளேட்டில் ஆயில் பட்டாலும் இதே மாதிரிதான் வழுக்கும்.

பழையகியர்:
ரீமேப் சங்கதி கிரீஸ்கை அண்ணன் சொன்னதுதான். ஏற்றத்தில் நான்காம் கியருக்கு இறங்கிவிடுங்கள். ஒரே பவரை 1500 ஆர்பிஎம்மில் கொடுக்க, 3000இல் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு டார்க் கிளட்ச் வழியாகப் போயாக வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த ரிவர்ஸ்தான் உறுத்துகிறது. ஃபோர் வீல் டிரைவில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் இருக்கிறதல்லவா, அதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? சேற்றுக்கு மட்டும் இல்லை. லோ ரேஞ்சில் வேகம் சுமாராக இரண்டரையில் ஒரு பங்காகும், கிளம்பும் சூடு ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கிளட்ச்சை முழுசாக விட்டுவிட்டு ஐடிலிங்கிலேயே நடக்கிற வேகத்தை விடக் குறைவாக ரிவர்ஸ் ஏறலாம்.

ஒற்றைத்தகடு:
ஒரு திருத்தம். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவில் சென்டர் டிஃபரென்ஷியல், அதாவது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு, கிடையாது. காய்ந்த கான்கிரீட்டில் ஸ்டியரிங்கை ஒடித்து லோ ரேஞ்ச் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறுகும். முன் சக்கரத்தில் கையால் திருப்பும் லாக்கிங் ஹப் இருந்தால் அதை ஃப்ரீயில் வைத்துவிட்டு லோ போடுங்கள், பின் சக்கரம் மட்டும் இழுக்கும். அப்படி இல்லையென்றால் வளைவை ஹையில் எடுத்துவிட்டு, நேராக வந்த பிறகு நின்று லோ போட்டு ஏறுங்கள்.

இன்னொன்று, இதுவரை யாரும் கேட்கவில்லை. டிரெய்லரில் ஓவர்ரன் பிரேக்கா? கொக்கியைத் தள்ளினால் பிரேக் பிடிக்குமே, அந்த வகை. அதை ரிவர்ஸில் ஏற்றத்தில் தள்ளினால் டிரெய்லர் என்ன நினைக்கும்? முன்வண்டி பிரேக் போட்டுவிட்டது என்று நினைத்துத் தானும் பிடித்துக்கொள்ளும். புது டிரெய்லர்களில் ரிவர்ஸில் பிரேக் ஷூ தானாக விட்டுக்கொடுக்கும் அமைப்பு இருக்கும், பழையதில் கையால் ஒரு லிவரைப் போட்டுத் தடுக்க வேண்டும். அந்த அமைப்பு துருப்பிடித்தோ அட்ஜஸ்ட்மென்ட் தப்பியோ இருந்தால் நீங்கள் பிரேக் போட்ட டிரெய்லரைத்தான் தினமும் மேலே தள்ளுகிறீர்கள். ரிவர்ஸ் எடுத்து முடித்ததும் நாலு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம்.

நெம்புகோல்:
நேற்று சாயங்காலம் பார்த்தேன். சும்மா ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்ததற்கே வலது பக்கம் ரெண்டு டிரம்மும் கையை அருகில் வைக்க முடியவில்லை, இடது பக்கம் பச்சைத் தண்ணீர். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்பக்கமாகச் சுற்றினால் வலதில் ஷூ விடவே இல்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன், ஒரு "ம்" மட்டும் போட்டார். டிரெய்லரைப் பிரேக் வேலைக்கு விட்டுவிட்டேன். கிளட்ச் எப்படியும் போய்விட்டது, அடுத்த வாரம் கியர்பாக்ஸ் இறக்குகிறோம், ரீமேப்பும் அன்றைக்கே போகிறது. கம்பெனி செட்டேதான் போடப் போகிறேன்.

கிரீஸ்கை:
போட்டதும் டிரெய்லரை மாட்டிவிடாதீர்கள். முதல் 800 கிமீ சும்மா வண்டி, ஊருக்குள் நின்று நின்று போகிற ஓட்டம். லைனிங் முகம் ஒட்டிப் பதிய வேண்டும். ஃப்ளைவீல் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.