எழுத்து நகர்கிறது, ஆனால் உயிர் இல்லை. என்ன படிக்கலாம்?

சட்டகவாசி கேட்டது:

மோஷன் கிராஃபிக்ஸ்தான் என் தொழில். டைட்டில், லோகோ அனிமேஷன், விளக்கப் படங்கள் என்று வண்டி ஓடுகிறது. இவை போக, நண்பர்கள் கவிதை வாசிக்கும் காணொளிகளுக்கும் குறும்படங்களுக்கும் வரிகளை எழுத்தெழுத்தாகத் திரையில் கொண்டுவந்து கொடுக்கிறேன். காசு பெரும்பாலும் முதல் வகையில். மனசு முழுக்க இரண்டாவதில்.

அசைவுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், வரைவதற்கு இல்லஸ்ட்ரேட்டர், முப்பரிமாணம் வேண்டுமென்றால் பிளெண்டர். இவற்றைத் திறப்பதற்கு முன் கோடு போடாத நோட்டும் பென்சிலும். கருவியில் எனக்குச் சிக்கல் இல்லை. எங்கே எந்த பட்டன் என்று சொல்லும் டுடோரியல்களைப் பார்த்து அலுத்துவிட்டது.

சிக்கல் இதுதான். ஒரு வரி வருகிறது: "காற்று வந்த திசை". டெக்ஸ்ட் அனிமேட்டர் போட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும் ரேஞ்ச் செலக்டரை 0-லிருந்து 100 வரை ஓட்டினால் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கவிதை இல்லை, அறிவிப்புப் பலகைதான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே கதை.

படிப்பு என்று பார்த்தால் சிறுகதை, கவிதை, நிறைய காமிக்ஸ். உங்களுக்கு டைமிங் பற்றிய பார்வையை மாற்றியது எந்த வாசிப்பு? அனிமேஷனின் 12 கோட்பாடுகளைச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தப் பட்டியல் என் மேசைக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

---

வளைகோடு எழுதியது:

படிப்பு பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் எஃப்9 தட்டுகிற ஆளா? அந்த விசை தரும் ஈஸி ஈஸ் என்ற ஆயத்த வளைவில், கீஃபிரேமின் (அசைவு தொடங்கும் அல்லது முடியும் இடத்தைக் குறிக்கும் புள்ளியின்) இரு பக்கமும் வேகம் 0, செல்வாக்கு 33.33 சதவீதம். எல்லா அசைவுக்கும் அதே வளைவு என்றால் எல்லா அசைவும் உடன்பிறந்தவை மாதிரிதான் இருக்கும். கிராஃப் எடிட்டரைத் திறந்து, கிளம்பும் பக்கம் 15, சேரும் பக்கம் 85 என்று இழுத்துப் பாருங்கள். சட்டென்று புறப்பட்டு நிதானமாக உட்காரும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய தொல்லை. வரியை ஷேப்பாக மாற்றினால் 'கொ' மூன்று துண்டாக உடைந்து, ஒற்றைக்கொம்பு முதலிலும் துணைக்கால் கடைசியிலும் வந்து சேரும். நடுவில் சில ஃபிரேம்களுக்குத் திரையில் 'கெ' நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். மூன்று துண்டையும் ஒரே குழுவில் போட்ட பிறகுதான் அசைக்க வேண்டும். உங்கள் வரியில் 'திசை'யின் சைகாரத்துக்கும் இதே கதிதான், இணைக்கொம்பு முன்னால் ஓடி வந்துவிடும். எழுத்துருவை மாற்றினால் துண்டுகள் பிரியும் விதமும் மாறலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிடுங்கள்.

---

இடைவெளி எழுதியது:

வளைகோடு சொன்ன இரண்டும் சரி. ஆனால் சட்டகவாசியின் நோய் வளைவில் இல்லை என்று நினைக்கிறேன். ரேஞ்ச் செலக்டர் எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி கொடுக்கிறது. 'கா'வுக்கும் 'ற்'க்கும் சமமான நேரம். எந்த வாய் அப்படிப் பேசும்?

படிப்புக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததில் அசைவைப் பற்றி அதிகம் கற்றுக்கொடுத்தவை எதுவும் அனிமேஷன் புத்தகம் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: ஜான் விட்னி. 1960-ல் 'மோஷன் கிராஃபிக்ஸ்' என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கியவர். விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிபார்க்கப் பயன்பட்ட, இரண்டாம் உலகப் போர்க்காலத்து இயந்திரக் கணிப்பானை வாங்கி, அதைப் படம் வரையும் கருவியாக மாற்றியவர். 1980-ல் வெளிவந்த 'டிஜிட்டல் ஹார்மனி' என்ற நூலில் அவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: சுரங்களுக்கு இடையில் எளிய முழு எண் விகிதங்கள் இருப்பதுபோல அசைவுக்கும் வைக்கலாம். முதல் புள்ளி ஒரு சுற்று சுற்றும்போது இரண்டாவது இரண்டு சுற்று, மூன்றாவது மூன்று. எல்லாம் கலைந்து குழம்பிக் கிடக்கும், திடீரென்று ஒரு கணத்தில் வரிசைக்கு வரும். அந்தக் கணத்தில் இசை சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத் தட்டுக்கு, வந்த நிம்மதி கிடைக்கும். நம்பிக்கை இல்லையென்றால் அறுபது புள்ளி லேயர்களைப் போட்டு, சுழற்சியில் லேயர் எண்ணை நேரத்தால் பெருக்கும் ஒரு வரி எக்ஸ்பிரஷனை (சிறு நிரலை) எழுதிப் பாருங்கள். நான் அதைப் போட்டுவிட்டு வேலையை மறந்து உட்கார்ந்திருப்பேன்.

அடுத்தது படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச். 'தி கான்வர்சேஷன்' (1974) படத்தைத் தொகுக்கும்போது, தான் வெட்ட நினைத்த இடங்களில் நடிகர் ஜீன் ஹாக்மன் கண் சிமிட்டுவதைக் கவனித்திருக்கிறார். ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் மனிதன் இமைக்கிறான், வெட்டும் அங்கேதான் விழ வேண்டும் என்பது அவர் வாதம். 'இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ' என்ற அவருடைய சிறிய நூலில் இது இருக்கிறது. ஓர் உட்கார்வில் முடித்துவிடலாம்.

இதைப் படித்தபோது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது. மாத்திரை என்றால் என்ன? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். தொல்காப்பியம் அளக்கிறது, நன்னூலும் அளக்கிறது. குறில் 1, நெடில் 2, மெய் அரை. தேர்வுக்கு எழுதிவிட்டு விட்டுவிட்டோம். ஆனால் இது எழுத்துக்கான டைமிங் அட்டவணை அல்லவா!

ஓர் இமைப்பு ஏறத்தாழ 0.1 முதல் 0.4 வினாடி வரை எடுக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு மாத்திரைக்கு 4 ஃபிரேம் கொடுத்தால் அது 0.17 வினாடி, இமைப்பின் எல்லைக்குள்ளேயே வருகிறது. அப்படியானால் குறில் 4 ஃபிரேம், நெடில் 8, மெய் 2. உங்கள் வரியைப் போட்டுப் பார்க்கிறேன். காற்று: 8 + 2 + 4 = 14. வந்த: 4 + 2 + 4 = 10. திசை: 4 + 8 = 12. மொத்தம் 36 ஃபிரேம், ஒன்றரை வினாடி. 'கா' வந்து விரியும், 'ற்' சொடுக்கிப் போகும், 'ந்' ஒரு தட்டு. டெக்ஸ்ட் அனிமேட்டரை மறந்துவிட்டு ஒவ்வோர் எழுத்தையும் தனி லேயராக்கி, தொடங்கும் இடத்தை இந்தக் கணக்கில் தள்ளி வையுங்கள். லேயர்களை வரிசைப்படுத்தும் சீக்வென்ஸ் கட்டளை வேண்டாம், லேயர்கள் ஒரே நீளமாக இருந்தால் அது மறுபடியும் சம இடைவெளியில்தான் கொண்டுபோய் விடும்.

காமிக்ஸ் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்காட் மெக்கிளவுடின் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' ஏற்கனவே உங்கள் கையில் இருக்கும். இல்லையென்றால் கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைச் சந்து பற்றி அவர் எழுதியிருப்பதை மட்டுமாவது படியுங்கள்.

---

ரெண்டர்வரிசை எழுதியது:

சுவையான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் கவிதையை ஒருவர் வாசிக்கிறார் என்றால் குரலே இருக்கிறதே, அதன் அலைவடிவத்தைப் பார்த்து மார்க்கர் போட்டால் முடிந்தது. ஒலியை ஓடவிட்டு, எண் விசைகளின் பக்கம் இருக்கும் நட்சத்திர விசையைத் தட்டிக்கொண்டே போனால் தட்டிய இடமெல்லாம் மார்க்கர் விழும். இதற்கு எதற்குத் தொல்காப்பியர்? கிளையன்டிடம் போய்க் குறில் நெடில் பேசினால் அடுத்த வேலை வராது.

---

இடைவெளி எழுதியது:

குரல் இருந்தால் குரல்தான் எஜமான், சந்தேகமே இல்லை. அப்போதும் எழுத்தைக் குரலோடு ஒட்டி வைக்காதீர்கள். ஓரிரு ஃபிரேம் முன்னால் வையுங்கள். அனிமேஷனில் வாயசைவைக் கூட ஒலிக்குச் சற்று முன்னால் வைப்பது பழைய பழக்கம். கண்ணுக்குப் பின்னால் காது வந்தால் இயல்பாக இருக்கும், காதுக்குப் பின்னால் கண் வந்தால் தாமதமாகத் தெரியும்.

நான் மாத்திரை சொன்னது குரலே இல்லாத டைட்டிலுக்கு. அங்கே பார்ப்பவர் மனசுக்குள் வாசிக்கிறார். அந்த வாசிப்புக்கும் ஒரு வேகம் உண்டு, எழுத்துக்கு எழுத்து மாறும் வேகம். கிளையன்டுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? அவருக்கு ரெண்டரைக் காட்டினால் போதும்.

---

நேர்நிரை எழுதியது:

அனிமேஷன் எனக்குத் தெரியாது, இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்பில் மாத்திரைக்கு இப்படி ஒரு பயன் சொல்லியிருந்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இடைவெளி அவர்களே, கணக்கில் இரண்டு இடம் இடிக்கிறது.

'காற்று' என்பதில் கடைசி 'று' குற்றியலுகரம். வல்லின மெய்யின் மேல் ஏறி, சொல்லின் கடைசியில், தனிக்குறில் அல்லாத எழுத்துகளை அடுத்து வரும் உகரம் அரை மாத்திரைக்குக் குறையும். எனவே காற்று 2 + ½ + ½ = 3 மாத்திரை.

'திசை'யில் 'சை' ஐகாரக்குறுக்கம். ஐகாரம் தனித்து நின்றால் 2, சொல்லின் கடைசியில் வந்தால் 1. எனவே திசை 2 மாத்திரை.

வரி மொத்தம் 3 + 2½ + 2 = 7½. உங்கள் கணக்கில் மாத்திரைக்கு 4 ஃபிரேம் என்றால் 30 ஃபிரேம் வரும், 36 அல்ல.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். 'வலம் வந்தான்' என்னும்போது வகரத்துக்கு முன் நிற்கும் 'ம்' மகரக்குறுக்கம், கால் மாத்திரை. அதாவது உங்கள் மொழியில் ஒரே ஒரு ஃபிரேம். இந்த எழுத்து வந்ததே தெரியக் கூடாது என்று இலக்கணமே சொல்கிறது. எதிர்ப்பக்கம் அளபெடை இருக்கிறது, நெடிலையும் நீட்டி 3 மாத்திரை. திரையில் ஓர் எழுத்தை இழுத்து நிறுத்த ஆசை வந்தால் அதற்கும் இடம் உண்டு. ஆனால் அளபெடை ஓசை குறைந்த இடத்தில் வருவது, ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் வருவதல்ல.

---

சட்டகவாசி எழுதியது:

டீச்சர், உங்கள் பதிவைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை ஓரம் வைத்துவிட்டு இரண்டு கணக்கிலும் செய்து பார்த்தேன். 36 ஃபிரேம் வடிவமே பழையதைவிட எவ்வளவோ மேல், 'கா' வந்து நிற்பதே அழகு. ஆனால் 'திசை'யில் 'சை' இழுத்துக்கொண்டு போகிறது, யாரோ கூவிக் கூப்பிடுகிற மாதிரி. 30-க்கு மாற்றியதும் வரி அடங்கிவிட்டது. 'று' வேகமாக மடங்குவதால் 'வந்த' தன்னால் உந்திக்கொண்டு வருகிறது.

நான் சேர்த்தது ஒன்று: சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் 6 ஃபிரேம் வெறுமை. அதற்கு இலக்கணத்தில் விதி இருக்கிறதா என்று தெரியாது, கண்ணுக்குப் பிடித்ததை வைத்தேன். வளைவும் எல்லோருக்கும் ஒன்றல்ல: நெடிலுக்கு வளைகோடு சொன்ன 15–85, மெய்க்கு வளைவே இல்லாமல் ஹோல்டு கீஃபிரேம். புள்ளி திடீரென்று விழுந்தால்தான் அது மெய்.

வால்டர் மர்ச் பாதி படித்தாயிற்று. ஜான் விட்னியின் அறுபது புள்ளி பற்றி எதுவும் சொல்லக் கூடாது, இன்று வேலையே ஓடவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. அடுத்த படம் வினாடிக்கு 30 ஃபிரேமில் வேண்டும் என்கிறார்கள். அதே 0.17 வினாடி வேண்டுமென்றால் மாத்திரைக்கு 5 ஃபிரேம். மெய்க்கு இரண்டரை ஃபிரேமை எங்கே போய் வைப்பது?

---

வளைகோடு எழுதியது:

5 வேண்டாம், இரட்டைப்படை எண் எடுங்கள். 4 வைத்தால் மாத்திரை 0.13 வினாடி, 6 வைத்தால் 0.2. இரண்டுமே இமைப்பின் எல்லைக்குள்தான். துள்ளலான வரிக்கு 4, நின்று பேசும் வரிக்கு 6. உங்கள் கவிதை வரிகளுக்கு 6 என்று தோன்றுகிறது. மெய் 3 ஃபிரேம், சொல் நடுவில் உள்ள வெறுமை 9. மகரக்குறுக்கத்துக்கு ஒன்றரை வரும், அதை 1 என்றே வைத்துவிடுங்கள். டீச்சர் சொன்னபடி அது வந்ததே தெரியக் கூடாதாமே. 60 ஃபிரேம் கேட்டால் மாத்திரைக்கு 10, மெய்க்கு 5, அங்கே சிக்கலே இல்லை. 25-க்கு 4 அப்படியே பொருந்தும், 0.16 வினாடி.

முடிந்தால் ஒரு மாத்திரைக்கு எத்தனை ஃபிரேம் என்பதை ஒரு நல் (null, திரையில் தெரியாத) லேயரில் ஸ்லைடராக வைத்து, மற்ற எல்லா நேரங்களையும் எக்ஸ்பிரஷனில் அதோடு கட்டிவிடுங்கள். இயக்குநர் "இன்னும் கொஞ்சம் வேகமாக" என்று சொல்லாமல் இருக்கப்போவதில்லை.