19 பேர் என்றால் பிஎஃப் கிடையாதா?

திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்காரர்:
"யார் மூலம் வந்து வேலை செய்தாலும் பிஎஃப்புக்கான (வருங்கால வைப்பு நிதி) ஆள் கணக்கில் சேரும்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சலாகிவிட்டது. 20 பேர் வேலை செய்தால்தான் பிஎஃப் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். என் கடையில் 19 பேர். பிஎஃப் கிடையாது, அவ்வளவுதான்.

புதுவைக் கணக்கர்:
எழுதியது நான்தான். உங்கள் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்? தினமும் பெருக்கித் துடைக்க வரும் இரண்டு அம்மாக்கள்? மொத்தம் 22.

ஜவுளிக்காரர்:
அவர்கள் ஏஜென்சி ஆட்கள். சம்பளம் கொடுப்பது நான் இல்லை. 19 பேர்தான். தீபாவளிக்கு வரும் பையன்களையும் சேர்ப்பீர்கள் போல!

புதுவைக் கணக்கர்:
சேர்க்க மாட்டேன். அவசரத்துக்குக் கொஞ்ச நாள் வருபவர்களை எண்ணக் கூடாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த அம்மாக்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும் ஊழியர்தான். 22.

ஜவுளிக்காரர்:
பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு கடலூர் கடைக்குக் கணக்கு எழுதாதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டம் வேறு.

புதுவைக் கணக்கர்:
கடைகள், நிறுவனங்கள் சட்டம்தான் வேறு. பிஎஃப் மத்தியச் சட்டம், பெண்ணையாற்றைத் தாண்டினால் மாறிவிடாது. கிராஜுட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், 'தானே ராஜினாமா செய்தால் கிடையாது' என்று அடித்துப் பேசினீர்கள். ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் உண்டு என்று நான் காட்டிய பிறகு ஆளையே காணோம்.

ஜவுளிக்காரர்:
பழைய கதை எதற்கு? கடை நடத்திப் பார்த்தால் தெரியும். வாடகை, கரண்ட் பில், இதற்கு மேல் பிஎஃப்புக்குச் சம்பளத்தில் 12 சதவீதமா?

சிப்காட் ஊழியர்:
அண்ணே, நீங்கள் 19-ஆ 22-ஆ என்று சண்டை போடுகிறீர்கள். நான் முன்பு இருந்த இடத்தில் பிஎஃப்புக்கு என்று சம்பளத்தில் மாதம் 1,800 ரூபாய் பிடித்தார்கள். பாஸ்புக்கில் ஏழு மாதம் ஒன்றுமே ஏறவில்லை.

புதுவைக் கணக்கர்:
தம்பி, பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டுகளோடு பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

ஜவுளிக்காரர்:
அவர் முதலாளி செய்த தப்புக்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் யாரிடமும் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை.

புதுவைக் கணக்கர்:
பிடிக்காததுதான் பிரச்சினையே. இன்னொன்றும் கேளுங்கள். ஒருமுறை 20 தொட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் விலக முடியாது. அந்த இரண்டு அம்மாக்களும் எத்தனை வருடமாக வருகிறார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜவுளிக்காரர்:
ஏஜென்சியைக் கேளுங்கள். என் பதிவேட்டில் 19 பேர்.