சீனப் பல்கலைக்கழக வேலை: ஒத்துக்கொள்ளலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சீனாவில் சாங்ஷா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க அழைத்திருக்கிறார்கள், வாரம் 16 மணி நேரம், வளாகத்துக்குள்ளேயே வீடு, சம்பளம்தான் குறைவு. அம்மா இங்கே தனியாக இருப்பாரே என்பதுதான் என் பெரிய கவலை. போகலாமா?

பதில் 1:
தம்பி, முதலில் விசா. இசட் விசா, அதாவது சீனாவின் வேலை விசா, கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். சுற்றுலா விசாவில் வா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த வேலையே வேண்டாம். பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் சான்றிதழுக்கும் இங்கேயே அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசுச் சான்று, வாங்கலாம். அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தம் 2023 நவம்பரில் சீனாவிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால் முன்புபோல் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை.

பதில் 2:
நான் அந்தப் பக்கம் மூன்று வருடம் இருந்தேன். வடசீனாவில் குளிர்காலத்தில் கட்டடம் முழுக்கச் சூடாக்குவார்கள், சாங்ஷா தெற்கே இருப்பதால் அந்த வசதி கிடையாது, டர்பன் வெயிலில் வளர்ந்த நான் வகுப்பறையிலேயே கோட்டு போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஒப்பந்தத்தில் கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், எனக்கு இரண்டு மாதம் வரவில்லை. அங்கே வாட்ஸ்அப் தடை, அதனால் கிளம்புமுன் அம்மாவின் போனில் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியைப் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

பதில் 3:
சம்பளம் குறைவென்றாலும் வீட்டு வாடகை மிச்சம், அதைக் கணக்கில் சேருங்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டவர்:
இன்னும் இல்லை அக்கா. இன்று இரவு பேசுகிறேன்.