பெங்களூரிலிருந்து தரங்கம்பாடிக்குக் காரில்: அப்பாவோடு ஒரே நாளில் போக முடியுமா?

மத்திகெரே வாசி:
அடுத்த மாதம் அப்பாவைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறேன். 74 வயது, பொறையாறு பக்கம் பிறந்தவர், பெங்களூர் வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது, ஊரில் சொந்தம் என்று இப்போது யாரும் இல்லை, ஆனாலும் அந்தக் கடலை ஒருதரம் பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முட்டி வலி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கிட்டத்தட்ட 400 கி.மீ. இருக்கும். சேலம் வழியா, திருவண்ணாமலை வழியா? ஒரே நாளில் போய்விடலாமா?

ஓசூர்க்காரன்:
திருவண்ணாமலை வழியே போங்க. அத்திப்பள்ளி டோலை விடிகாலை ஐந்துக்குள் தாண்டிவிடுங்கள், நேரமானால் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். கிருஷ்ணகிரியில் பிரிந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை. கிளம்பும் தேதி பௌர்ணமியா என்று முதலில் காலண்டரைப் பாருங்கள், 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கும், அன்றைக்கு ஊருக்குள் கார் நகராது. திருக்கோவிலூரில் தென்பெண்ணைக் கரையில் நிறுத்தி அப்பாவைக் கொஞ்சம் நடக்கவிடுங்கள், ஆற்றுக்குள்ளேயே கபிலர் குன்று தெரியும். அப்புறம் பண்ருட்டி, சீசன் என்றால் ரோட்டோரமெல்லாம் பலாப்பழம். மதியச் சாப்பாட்டுக்கு வடலூர் தருமசாலை. 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை, யார் போனாலும் சோறு போடுகிறார்கள். அந்தப் பந்தியில் அப்பாவை உட்காரவையுங்கள், ஹோட்டலைத் தேடாதீர்கள்.

பழைய டிரைவர்:
வழி சரி, ஆனால் ஒரே நாளில் வேண்டாம். போன தை மாதம் சேத்தியாத்தோப்பு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், நன்றாக இருட்டிவிட்டது. அறுவடை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் வரிசை வைத்திருந்தார்கள், ஹெட்லைட் வெளிச்சத்தில் எதிரே லாரி வரும்போது அது கண்ணுக்கே தெரியவில்லை. கல்லில் ஏறி முன் டயர் கிழிந்து, நெல்லும் சிதறிப் போச்சு. காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் எழுந்து வந்து, நான் ஸ்டெப்னி மாற்றி முடிக்கும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள். சிதம்பரத்தில் தங்கிவிட்டு, காலையில் கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி வழியே போங்கள்.

கடலோரி:
காலையில் போவதுதான் நல்லது, வெயில் ஏறினால் அந்தக் கரையில் ஒதுங்க நிழல் குறைவு. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னாலேயே வெட்டவெளி, படி ஏறாமல் அங்கே நின்றாலே கடல் தெரியும். ஒன்று மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்ன வயதில் அவர் ஏறி விளையாடிய இடம் இப்போது இருக்காது, கரையோரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். எதிர்பாராமல் பார்த்தால் தாங்கமாட்டார்.

மத்திகெரே வாசி:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அது போச்சா” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம் அவரே, சரி, சிதம்பரத்தில் தங்கிவிட்டு விடிந்ததும் போகலாம் என்றார். பௌர்ணமி இல்லாத தேதியாகப் பார்த்துவிட்டேன், நாளைக்கு ஸ்டெப்னியில் காற்று பார்க்கணும். சிதம்பரத்தில் தரைத்தளத்தில் அறை கிடைக்கிற லாட்ஜ் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அவரால் மாடி ஏற முடியாது.