எரிமலைப் பாறை மண்ணும் எங்கள் மேய்ச்சல் தரையும்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். வன்னியில் முருங்கன் பக்கத்தில் சிறிய மாட்டுப் பட்டியொன்றைப் பராமரித்து வருகிறேன். எங்கள் மேய்ச்சல் தரையின் கருங்களிமண், கோடையில் என் கை முழங்கை வரை இறங்கும் அளவுக்கு வெடிக்கிறது. மாரி தொடங்கியதும் வெடிப்பு மூடி, மாட்டின் குளம்பைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தியாவின் தக்காண மேட்டுநிலத்தில் பசாற்று எரிமலைப் பாறை சிதைந்து உருவான கரிசல் மண்ணும் இவ்வாறே, நீரை உறிஞ்சி வீங்கிச் சுருங்கும் களியால் ஆனது. ஆனால் வன்னியின் அடிப்பாறை பெரும்பாலும் உருமாறிய பழம்பாறையே. இங்கே எரிமலை இல்லை. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து, அந்த மண்ணுக்கான பரிந்துரைகளை இங்கே கையாள எனக்குத் தயக்கமாக உள்ளது.

எரிமலை மண் எல்லாம் ஒரே தன்மையுடையதும் அல்ல. தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளியில் எரிமலைச் சாம்பலில் உருவான மண்ணின் கீழே சுண்ணாம்புப் படை இறுகிக் கிடப்பதால் மரவேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. மேலே வளரும் குட்டைப் புல்லோ கல்சியம் நிறைந்தது. மழை மிகுந்த இடங்களின் இளம் சாம்பல் மண், மாறாக, இலேசானது; நீரை நன்கு தாங்கினாலும், பொசுபரசை வேருக்கு எளிதில் விடாது.

கரிசல் நிலத்தில் மாடு மேய்த்த அனுபவமுள்ளவர்களிடமும் மண்ணியல் படித்தவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: மழைக்குப் பின் மண் எந்தப் பதத்துக்கு வந்ததும் மாடுகளை இறக்கலாம்? வெடிப்பில் வேரறுந்தாலும் மீளத் தளிர்க்கும் புல் எது? மண் மாதிரியை எந்த ஆழத்தில் எடுத்துப் பரிசோதிப்பது பயன் தரும்? மாரிக்கு முன் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.