மகள் மாலை அணிய விரும்புகிறாள்: இறைமறுப்பாளரான தந்தை எதுவரை தடுக்கலாம்?

கேள்வி:
நான் கடவுள் நம்பிக்கையற்றவன். 1998-இல் என் தந்தையின் எதிர்ப்பை மீறிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவன். கல்லூரியில் படிக்கும் என் 21 வயது மகள், தைப்பூசத்துக்குள் மாலை அணிந்து, இருமுடி சுமந்து மேல்மருவத்தூர் செல்லப்போவதாகச் சொல்கிறாள். "அப்படியானால் அடுத்த பருவக் கட்டணத்தை நீயே கட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். "ஊருக்கெல்லாம் தாராளவாதம் பேசுகிறீர்களே" என்று என் மனைவி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்தது தவறா?

மறுமொழி 1:
ஆம், தவறுதான். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-இல் வெளியான 'சுதந்திரம் பற்றி' (On Liberty) என்ற தமது நூலில், ஒருவருடைய நன்மை கருதி அவரிடம் வாதாடலாம், எடுத்துரைக்கலாம், மன்றாடவும் செய்யலாம்; ஆனால், பிறருக்கு அவர் தீங்கு செய்யாதவரை அவரைக் கட்டாயப்படுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்று வரம்பு வகுத்தார். கட்டணத்தை நிறுத்துவது வாதமன்று, தண்டனை. அதற்காகப் பயணச் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே மில், 1851-இல் ஹாரியட் டெய்லரை மணப்பதற்கு முன்பு, மனைவியின்மீதும் அவருடைய உடைமைமீதும் அன்றைய ஆங்கிலேயச் சட்டம் கணவனுக்கு வழங்கிய உரிமைகளைத் தாம் ஒருபோதும் பயன்படுத்தப்போவதில்லை என்று எழுதி வைத்தார். அவற்றைச் சட்டப்படி துறக்க வழியில்லை என்பதை அறிந்தே எழுதினார். உங்கள் கையிலுள்ள கட்டணப் பணமும் அப்படிப்பட்ட ஓர் அதிகாரம்தான்.

மறுமொழி 2:
வீடு என்பது அரசு அன்று. அரசுக்கு வகுத்த விதியைச் சமையலறைவரை இழுத்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை தந்தைக்கும் உண்டல்லவா?

மறுமொழி 3:
மில்லின் கவலையே அரசோடு நிற்கவில்லை. சமூகமும் வழக்கமும் மனிதர்மீது செலுத்தும் கொடுங்கோன்மை, பல அரசியல் ஒடுக்குமுறைகளைவிட வலியது என்று அதே நூலில் எழுதியிருக்கிறார். கேட்டவருக்கு ஒன்று: சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது, அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய திருத்தத்தால்தான், அதற்கு முன் அத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் உங்கள் தந்தை எதிர்த்தார். இன்று அவருடைய நாற்காலியில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. விரத நாள்களில் தனிச் சமையல் செய்யப்போவது யார்? உங்கள் மனைவி என்றால், மகளுடைய சுதந்திரத்துக்கான விலையை அவர் செலுத்துகிறார். நான் ஒரு தாய் என்பதால் இது முதலில் கண்ணில் படுகிறது.

கேட்டவர்:
கட்டணத்தை நேற்றே கட்டிவிட்டேன். பயணச் செலவை மகள் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். விரதச் சமையலையும் அவளே செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நம்பிக்கை குறித்த வாதம் தினமும் இரவு உணவின்போது நடக்கிறது, இதுவரை இருவரும் தோற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.